மருந்தின் இலக்கும் இரத்தத்தின் ஊற்றும்: மருத்துவர் எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கை

ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பம் ஒன்றில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டுள்ளதாகக் கொள்வோம். அவருக்கு நரம்பின் வழியாக மருந்து ஏற்றப்படுவதில்லை. நாள்தோறும் வீட்டிலேயே ஒரு மாத்திரை உட்கொள்கிறார். ஆயினும் முதல் மாதத்தில் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று மருத்துவர் கூறுகிறார். வேலூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ சென்று திரும்பினால் அன்றைய தறி நின்றுவிடும். சில வாரங்களில் இரத்த அணுக்கள் குறைந்துவிட்டன என்றும், மாத்திரையைச் சிறிது காலம் நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் சொல்லப்படுகிறது.

அப்போது நோயாளிக்கும் அவரைப் பேணுபவருக்கும் ஒரே ஐயம் எழுகிறது. இது புற்றணுவை மட்டும் குறிவைக்கும் மருந்து என்றார்களே, நல்ல இரத்தம் ஏன் குறைகிறது? மருந்தை நிறுத்தச் சொல்வது நோய் கைமீறிவிட்டதன் அடையாளமா?

உங்கள் வீட்டிலும் இந்த ஐயம் எழுந்திருக்கலாம். அதற்கான விடையைச் சென்னையில் மருத்துவம் கற்ற ஒருவரின் வாழ்க்கையில் தெளிவாகக் காணலாம். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இரத்தம் எங்கே உருவாகிறது?

அவர் வாழ்க்கைக்குள் செல்லுமுன் உடலின் ஓர் ஏற்பாட்டை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. எலும்புகளின் உள்ளே உள்ள மென்மையான மஜ்ஜையில் குருத்தணுக்கள் எனப்படும் தாய் அணுக்கள் உள்ளன. இவை எண்ணிக்கையில் குறைவு. பெரும்பாலும் அமைதியாக இருப்பவை. இவற்றிலிருந்து தோன்றும் சேய் அணுக்களே விரைவாகப் பெருகி, சிவப்பணுக்களாகவும் வெள்ளையணுக்களாகவும் இரத்தத் தட்டணுக்களாகவும் முதிர்கின்றன.

தறியில் அமர்ந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஊடை நூலில் பிழை நேர்ந்தால் அந்த இழையோடு போகும். பிரித்து மீண்டும் ஓட்டலாம். பாவு நூலில் பிழை இருந்தால் அது சேலையின் நீளம் முழுவதும் தொடரும். சேய் அணுக்கள் ஊடை போன்றவை. குருத்தணுக்கள் பாவு போன்றவை. புற்றுநோய் மருந்துகளால் ஏற்படும் அணுக்குறைவு பெரும்பாலும் சேய் அணுக்களில் நேர்வது. ஆகவே மருந்தை நிறுத்தினாலோ அளவைக் குறைத்தாலோ அது சரியாகிவிடுகிறது. குருத்தணுக்களே பழுதுறுவது அரிது. ஆனால் அது நீண்ட காலம் தொடரும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியவும் பரிசோதனைகள் உதவுகின்றன.

சென்னையில் கற்ற மாணவர்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இளமையில் வறுமையும் குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த மரணங்களும் அவர் படிப்பைக் குலைத்தன. மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியில்தான் அவர் தேறினார். அப்போது அவர் பயின்றது சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பிற்காலத்தில் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் செய்த பொருளுதவியால் அக்கல்வி தொடர்ந்தது.

அவ்வாண்டுகளில் ஸ்ப்ரூ என்னும் வெப்பமண்டலக் குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரை எட்டு நாள் இடைவெளியில் கொண்டு சென்றது. உணவின் சத்தைக் குடல் ஏற்க மறுக்கும் நோய் அது. உடல் மெலியும், மஜ்ஜையில் சிவப்பணுக்கள் முறையாக முதிராமல் கடும் இரத்தசோகை உண்டாகும். அன்று அதற்குத் தக்க மருந்து இல்லை. சுப்பாராவையும் அந்நோய் தாக்கியது. மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி அளித்த ஆயுர்வேத சிகிச்சையில் அவர் பிழைத்தார். இரத்தசோகையை நூலில் படிப்பதற்கு முன்பே அவர் தம் வீட்டில் கண்டிருந்தார் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அவர் அறுவை மருத்துவ வகுப்புக்கும் கதர் உடை அணிந்து சென்றார். அது பேராசிரியரின் மனக்கசப்புக்கு உள்ளாயிற்று. தேர்வுகளை நன்றாக எழுதியிருந்தும் முழுமையான மருத்துவப் பட்டத்துக்கு மாறாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. கைத்தறித் துணியை அணிந்ததற்காக அவர் கொடுத்த விலை அது. அரசு மருத்துவப் பணியில் இடம் கிட்டாததால், லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகப் பணிபுரிந்தார்.

கடல் கடந்த ஆய்வாளர்

மாமனாரும் காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் அளித்த உதவியால் அவர் அமெரிக்கா புறப்பட்டு, 1922 அக்டோபர் இறுதியில் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவி சேஷகிரியைத் தாய்நாட்டில் விட்டுச் சென்றார். அவரை மீண்டும் காணும் வாய்ப்பு சுப்பாராவுக்கு அமையவில்லை. அவர் இந்தியா திரும்பவே இல்லை.

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயின்ற காலத்தில், செலவுக்காக மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக நோயாளிகளின் கழிவுக் கலங்களைத் துப்புரவு செய்தார். பின்னர் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்தார். உடல் திரவங்களில் உள்ள பாஸ்பரஸை அளக்க இருவரும் 1925இல் வெளியிட்ட முறை இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. தசைக்கு ஆற்றல் அளிக்கும் பாஸ்போகிரியேட்டினையும், எல்லா உயிரணுக்களுக்கும் ஆற்றலின் நாணயமாக விளங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் அவர்கள் கண்டறிந்தனர். 1930இல் முனைவர் பட்டம் பெற்றும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

தமிழ்நாட்டில் யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டத்தில் வீடுவீடாக வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையை நீங்கள் உட்கொண்டிருக்கலாம். அம்மருந்தும் அவர் தலைமையில் இயங்கிய குழுவின் ஆய்வில் வந்ததே.

மஜ்ஜையை வளர்த்த சத்து

சுப்பாராவ் நெடுநாள் தேடியது, தம் சகோதரர்களைக் காத்திருக்கக்கூடிய ஒரு சத்தை. அதற்கான முதல் தடயம் இந்தியாவிலேயே கிடைத்திருந்தது. ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், மும்பையில் துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்று 1931இல் அவர் அறிவித்தார். ஈஸ்டிலும் ஈரலிலும் கீரையிலும் உள்ள அந்தச் சத்துக்கே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது.

லெடர்லி குழுவினர் அதைத் தனியே பிரித்தெடுத்து, வேதியியல் முறையில் உருவாக்கி, 1945இல் உலகுக்கு அறிவித்தனர். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டபோது மஜ்ஜையில் தேங்கி நின்ற அணுக்கள் முதிரத் தொடங்கின, இரத்தம் ஊறியது. சகோதரர்கள் இறந்து பல ஆண்டுகள் கழித்து அந்நோய்க்கான மருந்து அவர் கைக்கு வந்தது.

ஓர் அணு இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் மரபுப்பொருளான டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்குத் தேவையான கூறுகளை உண்டாக்க ஃபோலிக் அமிலம் துணைசெய்கிறது. உடலில் மிக விரைவாகப் பிரியும் அணுக்களில் மஜ்ஜையின் அணுக்களும் அடங்கும். ஆகவே இச்சத்தின் குறைவு முதலில் இரத்தத்தில் தெரிகிறது.

சத்தின் சாயலில் ஒரு மருந்து

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோயியல் வல்லுநர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகம் கொள்வதாகவே அவருக்குத் தோன்றியது. நலமுள்ள மஜ்ஜையை வளர்க்கும் சத்து நோயுற்ற அணுவையும் வளர்க்கிறது என்றால், அச்சத்தைத் தடுத்தால் நோயைத் தடுக்கலாம் அல்லவா என்று அவர் எண்ணினார்.

அத்தகைய தடுப்புப் பொருள்கள் லெடர்லி ஆய்வகத்தில் உருவாகியிருந்தன. ஃபோலிக் அமிலத்தின் அமைப்பில் சிறு மாற்றம் செய்து பெறப்பட்ட அமினோப்டெரின் அவற்றுள் ஒன்று. உண்மைச் சாவியைப் போன்ற தோற்றம் உடையது. பூட்டினுள் நுழையும், ஆனால் திறக்காது. உண்மைச் சாவியையும் நுழைய விடாது. சுப்பாராவின் குழு அதை ஃபார்பருக்கு அனுப்பியது. 1947 இறுதியில் சிகிச்சை தொடங்கியது. 1948 ஜூனில் வெளியான கட்டுரையில், சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று ஃபார்பர் அறிவித்தார். அதுவரை அந்நோய் கண்ட குழந்தைகளுக்கு மருத்துவம் தரக்கூடியதாக ஏதும் இருந்ததில்லை.

அத்தணிவு நீடிக்கவில்லை, நோய் திரும்பி வந்தது. மேலும், அமினோப்டெரினால் வாய்ப்புண் உண்டாயிற்று; நல்ல அணுக்களும் குறைந்தன. உங்கள் ஐயத்துக்கான விடை இங்கேதான் உள்ளது. மருந்துக்கு நோயணு எது, நல்லணு எது என்று தெரியாது. தான் பற்ற வேண்டிய இலக்கு எங்கிருந்தாலும் அங்கே பற்றும். புற்றணு ஃபோலிக் அமிலத்தைக் கொண்டு பெருகியது. மஜ்ஜையும் அதைக் கொண்டே பெருகியது. ஆகவே மருந்து இரண்டையும் தொட்டது. அளவையும் இடைவெளியையும் அறிந்து கொடுப்பதும், நல்ல அணுக்கள் மீள நேரம் விடுவதுமே மருத்துவரின் பணியாயிற்று.

அக்கட்டுரை வெளியான சில வாரங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். அவருக்கு வயது 53. 1995இல், அவர் பிறந்த நூற்றாண்டில், இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

அவர் விட்டுச் சென்ற மருந்து

அமினோப்டெரினுக்கு அடுத்து அதே ஆய்வகத்திலிருந்து வந்த மெதோட்ரெக்சேட், விளைவுகளை முன்கூட்டிக் கணிக்க ஏற்றதாக இருந்ததால் நிலைபெற்றது. 1956இல் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை இம்மருந்தால் குணப்படுத்தினர். அது பற்றும் நொதி எது என்பது 1950களின் இறுதியில் தெளிவாயிற்று. இலக்கு தெரிந்தபின் மீட்பு வழியும் செம்மையாயிற்று. அதிக அளவில் மெதோட்ரெக்சேட் செலுத்திய பின், குறித்த நேரத்தில் லியூகோவோரின் என்னும் ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்து மஜ்ஜையை இன்று காக்கிறார்கள். அந்த நேரம் தவறக்கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூட்டுவாதத்துக்கும் தோல் நோய்க்கும் மெதோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே கொடுக்கப்படுகிறது. அதைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் மஜ்ஜை செயலிழந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். உங்கள் வீட்டில் இம்மருந்து இருந்தால், எந்தக் கிழமை என்பதை அட்டையில் எழுதி வையுங்கள்.

இன்றைய இலக்கு மருந்துகள்

இன்று இலக்கு மருந்து என்று சொல்லப்படுபவை இன்னும் நுண்மையான குறி உடையவை. ஆயினும் விதி ஒன்றே.

இமாடினிப்: நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு 2001 முதல் பயன்படுகிறது. நோயை உண்டாக்கும் பிறழ்ந்த புரதத்தை அடக்குகிறது. குருத்தணுக்கள் வளரத் தேவையான கிட் என்னும் புரதத்தையும் அது ஓரளவு தடுக்கிறது. மேலும், நோயுற்றவரின் மஜ்ஜையில் பெரும்பகுதி நோயணுக்களே நிறைந்திருக்கும். அவை மருந்தால் அகன்றபின் நல்ல அணுக்கள் அவ்விடத்தை நிரப்பக் காலம் பிடிக்கும். ஆகவே தொடக்க மாதங்களில் எண்ணிக்கை குறைவது மருந்து பயனளிக்கவில்லை என்பதற்கு அடையாளமாகாது.

ருக்ஸோலிடினிப்: மஜ்ஜை நார்த்தடிப்பு நோய்க்குத் தரப்படுகிறது. இது தடுக்கும் ஜேக் புரதத்தின் வழியாகவே சிவப்பணுக்களும் தட்டணுக்களும் உருவாகும் கட்டளை செல்கிறது. ஆகவே இரத்தசோகையும் தட்டணுக் குறைவும் எதிர்பார்க்கத்தக்கவை.

பால்போசைக்ளிப்: மார்பகப் புற்றுநோய்க்கு 21 நாள் உட்கொண்டு 7 நாள் நிறுத்தப்படுகிறது. மஜ்ஜை அணுக்களின் பிரிவை இது நிறுத்தி வைக்கிறது, பெரும்பாலும் அழிப்பதில்லை. இடைவெளி நாள்களில் வெள்ளையணுக்கள் மீள்வது இதனால்தான்.

ஓலாபாரிப்: சினைப்பை, மார்பகப் புற்றுநோய்கள் சிலவற்றுக்குத் தரப்படுகிறது. பழுதடைந்த டி.என்.ஏ.வைச் சீராக்கும் வழியை இது தடுக்கிறது. இரத்தசோகை மிகுதியாகக் காணப்படும். அரிதாகக் குருத்தணுக்களே பழுதுற்று வேறொரு மஜ்ஜை நோய் தோன்றலாம். மருந்தை நிறுத்திய பின்னும் எண்ணிக்கை மீளாவிடில் மஜ்ஜைப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனைக் கண்டறியவே. பாவு நூலில் பிழை உண்டா என்று பார்ப்பது போன்றது அது.

பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள்

நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு இரத்தத்தில் ஒரு நாள் அளவே இருக்கும். தட்டணு 7 முதல் 10 நாளும், சிவப்பணு ஏறத்தாழ 120 நாளும் வாழும். ஆகவே மஜ்ஜை தளர்ந்தால் முதலில் வெள்ளையணுவும் அடுத்துத் தட்டணுவும் குறையும். சோர்வும் மூச்சிரைப்பும் பின்னர் வரும். உடல் நலமாகத் தோன்றும் நாளிலேயே எண்ணிக்கை தாழ்ந்திருக்கலாம். அதை இரத்தப் பரிசோதனை மட்டுமே காட்டும்.

இமாடினிப் உட்கொள்வோருக்கு முதல் மாதம் வாரந்தோறும், இரண்டாம் மாதம் இரு வாரத்துக்கு ஒரு முறையும், பின்னர் தேவைக்கேற்பவும் இப்பரிசோதனை செய்யப்படுகிறது. நாள்பட்ட நிலையில் உள்ளோருக்கு நியூட்ரோஃபில் 1,000க்கும், தட்டணு 50,000க்கும் கீழே இறங்கினால் மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தி, அவை உயர்ந்தபின் மீண்டும் தொடங்குவது வழக்கம். இவ்வளவுகள் நோய்க்கும் மருந்துக்கும் ஏற்ப மாறும். முடிவு உங்கள் மருத்துவருடையதே.

நீங்களும் உங்களைப் பேணுபவரும் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

• காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் அதை அவசரநிலையாகக் கொள்ளுங்கள். பாராசிட்டமால் உட்கொண்டு காலைவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• ஈறு, மூக்கு, சிறுநீர், மலம் ஆகியவற்றில் இரத்தம், தோலில் சிவந்த புள்ளிகள், காரணமின்றித் தோன்றும் கன்றல் ஆகியவற்றை அன்றே தெரிவியுங்கள்.
• தட்டணு குறைந்துள்ளபோது ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ள வேண்டாம். தசை ஊசிகளையும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே போட்டுக்கொள்ளுங்கள். தறி வேலையில் கத்தி, ஊசி ஆகியவற்றைக் கவனமாகக் கையாளுங்கள்.
• மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் நிறுத்தச் சொன்னால் தாமாகத் தொடரவும் வேண்டாம்.
• இரத்தம் ஊறும் என்று ஃபோலிக் அமில மாத்திரையோ சத்து மருந்தோ தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம். ஒரே சத்து எவருக்கு உதவும், எவருக்கு இடையூறாகும் என்பதை மேலே கண்டீர்கள்.
• சித்தம், ஆயுர்வேதம், நாட்டு மருந்து எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். சில மருந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் அணுக்குறைவை மிகுவிக்கும்.
• கருவுற்றிருந்தாலோ கருவுறத் திட்டமிட்டாலோ முன்னதாகவே தெரிவியுங்கள்.
• ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் தேதியுடன் ஒரே குறிப்பேட்டில் எழுதி, செல்லும் இடமெல்லாம் கொண்டு செல்லுங்கள்.

எங்கே செல்லலாம்?

முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனையை ஆரணி அரசு மருத்துவமனையிலேயே செய்துகொண்டு, முடிவைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் தெரிவிக்க இயலுமா என்று கேட்டுப் பாருங்கள். பயணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகலாம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் சிகிச்சை அடங்குமா என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு உதவி மையத்தில் அறியலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை அழைக்கலாம்.

அடுத்த முறை மருந்தைச் சில நாள் நிறுத்துங்கள் என்று சொல்லப்பட்டால் மனம் தளராதீர்கள். 1948இல் அக்குழந்தைகளின் பெற்றோருக்கு, எந்த எண்ணிக்கையில் நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று சொல்ல எவரிடமும் அனுபவம் இருந்ததில்லை. அன்று தொடங்கிய கல்வியின் பயனே இன்று உங்கள் கையில் உள்ள பரிசோதனைச் சீட்டு.

குறிப்பு: இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்கள், மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.